தாள் அப்பாவுடையது, சொற்கள் மகளுடையவை: மேகன் – மெயில் ஆன் சண்டே வழக்கு

கயல்

பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் மார்க்கல், தன் அப்பாவுக்கு எழுதின கடிதத்தை அச்சிட்ட மெயில் ஆன் சண்டே என்ற பிரிட்டிஷ் ஞாயிறு பத்திரிகை மேல போட்டு ஜெயிச்ச வழக்குன்னு எடுத்தாலே ரெண்டு பேச்சு திரும்பத் திரும்ப வருது. "கடைசியில ஒரு பவுண்டுதானே கிடைச்சுது" என்பது ஒண்ணு. "அப்பாவே எடுத்துக் கொடுத்த கடிதம், போட்ட பேப்பர் மேல என்ன குத்தம்" என்பது இன்னொண்ணு. தீர்ப்புகளை வரி வரியா படிச்சவங்க இங்கே நாலஞ்சு பேர் இருக்கீங்க. ஒரே இடத்துல விவரமா இருக்கட்டும்னுதான் இந்த இழை. நாள் வரிசையை நான் போட்டுடறேன், மத்ததை நீங்க சேருங்க.

2018 மே 13 அன்று மெயில் ஆன் சண்டே ஒரு செய்தி போட்டது: மேகனின் அப்பா தாமஸ் மார்க்கல் கல்யாணத்துக்குத் தயாராவது போன்ற படங்கள், புகைப்படக்காரரோடு பேசி வைத்து எடுத்தவை என்று. ஆறு நாள் கழித்து, மே 19, வின்ட்சர் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் கல்யாணம். அப்பா வரவில்லை. ஆகஸ்டில் மேகன் அவருக்கு ஐந்து பக்கக் கடிதம் எழுதினார், கைப்பட. 2019 பிப்ரவரி 6-ல் அமெரிக்காவின் பீப்பிள் இதழில், பெயர் சொல்லாத ஐந்து தோழிகள் மேகனுக்காகப் பேசினார்கள். அதில் இந்தக் கடிதமும் குறிப்பிடப்பட்டது. நாலே நாளில், பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை மெயில் ஆன் சண்டே கடிதத்தின் பெரும்பகுதியைப் போட்டது. மெயில் ஆன்லைன் இணையதளத்தையும் சேர்த்து ஐந்து கட்டுரைகள். செப்டம்பர் கடைசியில் வழக்கு. 2021 பிப்ரவரி 11 உயர் நீதிமன்றத் தீர்ப்பு, சாட்சிகளை விசாரிக்காமலே, பெரும்பாலும் மேகன் பக்கம். அதே ஆண்டு டிசம்பர் 2 மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அதுவும் மேகன் பக்கம்.

வழக்கேடு

நன்றி கயல். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முழு வழக்கும் அதில்தான் இருக்கிறது.

ஒரு கடிதம் தபாலில் போனதும் அது இரண்டு சொத்தாகப் பிரிந்துவிடும். தாளும் மையும் பெற்றவருக்கு. வைத்துக்கொள்ளலாம், கிழித்துப் போடலாம். அந்தத் தாளில் இருக்கும் சொல்லடுக்கு எழுதியவருக்கு. பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர், அவர் இறந்து 70 ஆண்டு வரை அந்த உரிமை ஓடும். ஆகவே அப்பா தன் கையில் இருந்ததைக் கொடுத்தார், சரி. கொடுக்க முடியாததையும் சேர்த்துக் கொடுத்தார். பத்திரிகை அதை வாங்கி அச்சிட்டது.

இது பதிப்புரிமைப் பக்கம். தனியுரிமைப் பக்கம் வேறு. 1998 மனித உரிமைச் சட்டம் வந்த பிறகு அங்கே இரண்டு படி உண்டு. முதல் படி: இந்தத் தகவல் தனிப்பட்டதாகவே இருக்கும் என்று இவர் நியாயமாக எதிர்பார்க்கலாமா? இரண்டாம் படி: ஆம் என்றால், ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு தரும் தனிவாழ்வு உரிமையையும் பத்தாம் பிரிவின் கருத்துச் சுதந்திரத்தையும் தராசில் வைத்து, எவ்வளவு குறுக்கிட்டால் அது அளவோடு நிற்கும் என்று பார்ப்பது. மெயில் குழுமம் தோற்றது இந்த "எவ்வளவு" என்ற இடத்தில்.

தென்றல்வீதி

அந்த "எவ்வளவு" பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. முதலில் பேசியது யார்? பீப்பிள் இதழில் தோழிகள் பேசினார்கள். அந்த இதழ் கோடிக்கணக்கானோர் கையில் போகும். கடிதம் சமாதானத் தூது போலவும், அப்பா அதை மதிக்காதவர் போலவும் அங்கே படம் வரையப்பட்டது. தாமஸ் மார்க்கல் சொல்வது நேர் எதிர்: அந்தக் கடிதம் உறவை ஒட்டவைக்க எழுதியது இல்லை, தன்மேல் குற்றம் சாட்டி எழுதியது என்று. உலகத்தின் முன் தன்னைப் பற்றித் தவறாகச் சொல்லப்பட்ட ஒரு மனிதர், கையில் இருக்கும் ஆதாரத்தைக் காட்டக் கூடாதா? அவருக்கும் பத்தாம் பிரிவு உண்டுதானே. மருமகளாகப் போன வீட்டின் பலம் ஒரு பக்கம், அப்போது மெக்சிகோவில் தனியாக இருந்த வயதானவர் இன்னொரு பக்கம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வழக்கேடு

எடுத்தார்கள் சகோ. நீங்கள் சொன்ன வாதத்தை உயர் நீதிமன்ற நீதிபதி வார்பி தள்ளிவிடவில்லை, பாதி வழி கூடவே வந்தார். பீப்பிள் கட்டுரையில் கடிதத்தைப் பற்றி இருந்த தவறைத் திருத்தும் அளவுக்கு வெளியிட்டிருந்தால் அது நியாயமாக இருந்திருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டில் சர் ஜெஃப்ரி வோஸ், டேம் விக்டோரியா ஷார்ப், லார்ட் ஜஸ்டிஸ் பீன் மூவரும் அதே நிலைதான். சிறு பகுதி என்றால் சரி, பாதிக் கடிதம் என்றால் கிடையாது.

எண்ணைப் பாருங்கள். கடிதம் 1,250 சொல். அச்சேறியது 585. ஏறக்குறைய 47 விழுக்காடு. பீப்பிள் கட்டுரையின் தவறைத் திருத்த அதில் எத்தனை சொல் தேவைப்பட்டது என்று கேட்டால் ஒரு பத்தி கூட வராது.

இதற்கு முன்னோடி 2004-ல் வந்த தீர்ப்பு, மாடல் அழகி நவோமி கேம்பல் மிரர் பத்திரிகை மேல் போட்ட வழக்கு. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் 3-க்கு 2 என்று அவர் வென்றார். போதைப்பொருளைத் தொட்டதே இல்லை என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். ஆகவே "அவர் பழக்கத்துக்கு ஆளானவர், சிகிச்சை எடுக்கிறார்" என்று எழுத மிரருக்கு உரிமை இருந்தது. ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார், எப்படிப்பட்ட சிகிச்சை என்ற விவரமும், வாசலில் வைத்து ஒளிந்து எடுத்த படமும் எல்லை மீறியவை. பொய்யைத் திருத்தும் உரிமை, திருத்துவதற்கு வேண்டிய அளவோடு முடிந்துவிடுகிறது. மெயில் வழக்கில் நடந்ததும் அப்படியே இதுதான்.

அச்சுமை

மெயில் போட்ட அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்தாலே இது விளங்கும். டேப்ளாய்டு என்னும் பரபரப்புப் பத்திரிகையின் ஆசிரியர் மேசையில் ஒரு மூல ஆவணம் வந்து விழுந்தால் அது செய்தியாக மட்டும் நிற்காது, அதிலிருந்து பல துண்டு வெட்டுவார்கள். கையெழுத்தின் படம் ஒரு துண்டு. அப்பாவின் பேட்டி ஒரு துண்டு. கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் நிபுணரின் கருத்து இன்னொன்று. இந்தக் கடைசித் துண்டை யோசியுங்கள். எழுத்தின் வளைவை வைத்து அந்தப் பெண்ணை ஆடம்பரக்காரி, தன்னையே ரசிப்பவர் என்ற பொருளில் எழுதினார்கள். பீப்பிள் இதழில் வந்த எந்தத் தவறை இது திருத்துகிறது? அப்பாவின் எந்தப் பெயரை இது காப்பாற்றுகிறது? தென்றல்வீதி சொல்லும் மறுமொழி உரிமை இங்கேதான் கைநழுவிப் போகிறது. வாதம் அப்பாவுக்காக, பக்கம் விற்பனைக்காக.

நடிக்க வருவதற்கு முன் மேகன் அழகெழுத்துத் தொழில் செய்தவர். அழைப்பிதழ்களுக்குக் கையால் எழுதிக் கொடுத்த கை அது. அந்தக் கையெழுத்தைத்தான் குணச் சான்றாக எடுத்தார்கள்.

தென்றல்வீதி

அச்சுமை அண்ணா, அந்தக் கையெழுத்து நிபுணர் செய்தியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஜேசன் நாஃப் சாட்சியத்தை ஏன் யாரும் தொடவில்லை? கென்சிங்டன் அரண்மனையின் தகவல்தொடர்புச் செயலாளராக இருந்தவர். 2021 நவம்பரில், மேல்முறையீட்டு விசாரணையில் அவருடைய வாக்குமூலம் வந்தது. கடிதம் கசியக்கூடும் என்ற புரிதலோடுதான் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக மேகனே அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அதிலும் ஒரு விவரம்: ஒவ்வொரு பக்கத்தையும் வாக்கியத்தின் நடுவிலேயே முடித்திருக்கிறார், எந்த ஒரு பக்கத்தையும் எடுத்து "கடிதம் இதோடு முடிந்தது" என்று யாரும் காட்ட முடியாதபடி. இவ்வளவு முன்யோசனையோடு எழுதியது உலகத்துக்கு எழுதிய கடிதமா, அப்பாவுக்கு எழுதிய கடிதமா?

அதோடு, ஹாரி–மேகன் தம்பதியைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாற்று நூலின் ஆசிரியர்களுக்குத் தகவல் கொடுத்ததே இல்லை என்ற மேகனின் நிலையும் அங்கே உடைந்தது. நாஃப் வழியாகக் குறிப்புகள் போயிருந்தன. நினைவில் இல்லை என்று நீதிமன்றத்திடம் மேகன் மன்னிப்புக் கேட்டார். இப்படி ஒருவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யாமலே தீர்ப்புச் சொன்னது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

வழக்கேடு

கனமான கேள்வி இது. மெயில் தரப்பு மேல்முறையீட்டில் பெரிதும் நம்பியதும் இதைத்தான்.

பிரித்துப் பார்ப்போம். கசியும் என்று பயந்து எழுதுவது வேறு, கசியட்டும் என்று அனுமதிப்பது வேறு. திருடன் வருவான் என்று இரட்டைப் பூட்டுப் போட்டவர், திருட்டுக்குச் சம்மதித்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தை வாக்கிய நடுவில் முடித்ததும் அந்தப் பூட்டுதான். அப்பா ஏற்கெனவே பத்திரிகைகளோடு பேசிக்கொண்டிருந்தார். அது தெரிந்த மகள் எழுதும்போது அந்தப் பயம் கையில் இருக்கத்தான் செய்யும். மேல்முறையீட்டு நீதிபதிகள் புதிய சாட்சியத்தைப் படித்தார்கள், பார்த்தார்கள், கடைசியில் அது முடிவை மாற்றவில்லை என்றார்கள். உள்ளடக்கம் அப்பா மகள் உறவு பற்றியது, அதில் பொதுநலன் சார்ந்த சங்கதி இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது அவருடைய நம்பகத்தன்மைக்கு விழுந்த அடி, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் விசாரணையில்லாத் தீர்ப்பு நம்பகத்தன்மையை எடைபோடும் கட்டம் இல்லை. எதிர்த்தரப்பு சொல்வதை எல்லாம் அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அது ஜெயிக்க உருப்படியான வாய்ப்பு இருக்கிறதா? இதுதான் அங்கே கேள்வி. இல்லை என்றால் சாட்சிகளை அழைத்து மாதக்கணக்கில் செலவு செய்வது வீண். பாதிக் கடிதம் அச்சேறியதா இல்லையா என்பதற்குக் குறுக்கு விசாரணை வேண்டாம், பத்திரிகையே சாட்சி.

பொன்னி

நாஃப் விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பதிப்புரிமைப் பகுதி புரியாது.

மேகன் கடிதத்தை முதலில் கைபேசியின் குறிப்புச் செயலியில் தட்டினார். அதைத் திருத்தித் திருத்தி, பிறகு தாளில் கைப்படப் பெயர்த்தெழுதினார். வழக்கில் பதிப்புரிமை கோரியது அந்த மின்வரைவுக்கு. மெயில் தரப்பு அங்கே ஒரு பிடி போட்டது: வரைவை நாஃப் பார்த்தார், யோசனை சொன்னார், எனவே அவர் இணை ஆசிரியர். அவர் அரண்மனை ஊழியர் என்பதால் அந்தப் பங்கு அரசிக்கு, அதாவது முடியாட்சிப் பதிப்புரிமைக்குப் போய்விடும். அப்படியானால் மேகன் தனியாக வழக்குப் போட முடியாது.

புத்திசாலித்தனமான வாதம். 2021 பிப்ரவரியில் வார்பி இந்த ஒரு துண்டை மட்டும் முடிக்காமல் வைத்தார். மே மாதம் அது தானாகவே உதிர்ந்தது. தான் எதையும் எழுதவில்லை, எழுதியதாக எப்போதும் சொன்னதும் இல்லை என்று நாஃபின் வழக்கறிஞர்கள் தெரிவித்தார்கள். அரசியின் சார்பில் அரண்மனைப் பொருளாளரும் பதிப்புரிமை எதுவும் கோரவில்லை. இங்கே பாடம் ஒன்று உண்டு: "இதையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்று யோசனை சொல்பவர் ஆசிரியர் ஆவதில்லை. சொல்லைக் கோத்தவர்தான் ஆசிரியர்.

கயல்

இப்போ அந்த ஒரு பவுண்டு.

தனியுரிமை மீறலுக்குப் பெயரளவு இழப்பீடு 1 பவுண்டு, இது சரி. ஆனா அது கோர்ட் "உனக்கு இவ்வளவுதான் மதிப்பு"ன்னு எடைபோட்டுக் கொடுத்த தொகை இல்லை. இழப்பீட்டை அளக்க இன்னொரு விசாரணை வேண்டாம்னு இரு தரப்பும் முடிச்ச ஏற்பாட்டுல வந்தது. பதிப்புரிமை மீறலுக்குத் தனித் தொகை, அதை ரகசியமா வெச்சிருக்காங்க. செலவுத்தொகை வேற. 2021 மார்ச்சிலேயே முன்பணமா 4,50,000 பவுண்டு கட்டச் சொல்லியாச்சு.

பிரிட்டிஷ் தனியுரிமை வழக்குல தொகை சின்னதா இருக்கறது புதுசும் இல்லை. நவோமி கேம்பலுக்குக் கிடைச்சது 3,500 பவுண்டு. அதை வெச்சு அந்தத் தீர்ப்பைச் சின்னதுன்னு யாரும் சொல்றதில்லை.

உண்மையான தண்டனை முதல் பக்கம். 2021 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், பதிப்புரிமை வழக்கில் சசெக்ஸ் கோமகள் (மேகனின் பட்டம்) வென்றார்னு மெயில் ஆன் சண்டே தன் முதல் பக்கத்துல போட வேண்டி வந்தது. அடிப்பக்கமா சின்னதாத்தான் போட்டாங்க, விவரம் மூணாம் பக்கம். ஆனாலும் தன் தோல்வியைத் தன் வாசகர்கிட்டயே சொல்ல வைக்கிறது ஒரு டேப்ளாய்டுக்கு எவ்வளவு வலிக்கும்னு அந்தத் துறையில இருக்கறவங்களுக்குத் தெரியும்.

அச்சுமை

தோற்ற பகுதியையும் எழுதி வையுங்கள். ஆதரவாளர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

2020 மே 1 அன்று மேகன் தரப்பின் மூன்று குற்றச்சாட்டுகளை வார்பி வழக்கிலிருந்து நீக்கினார்: பத்திரிகை நேர்மையில்லாமல் நடந்தது, அப்பா மகள் சண்டையை அதுவே கிளறிவிட்டது, தன்மேல் வன்மத்தோடு தொடர்ந்து எழுதியது. அந்தச் சுற்றுக்கு மட்டும் 67,888 பவுண்டு செலவுத்தொகையை மேகன் கட்டினார். காரணம் எளிது. "இவர்கள் என்னை வெறுக்கிறார்கள்" என்பது சட்டத்தில் வழக்குக் காரணம் ஆகாது. ஒரு கடிதத்தை அச்சிட்டது ஆகும்.

ஆனால் அந்த வெறுப்பு கற்பனையா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. 2016 நவம்பர் 8-லேயே ஹாரியின் செயலாளர் வெளிப்படையாக அறிக்கை விட்டு, கருத்துப் பத்திகளில் இனவாதச் சாயல் இருப்பதைக் கண்டித்தார். நிச்சயதார்த்தத்துக்கே ஒரு வருஷம் முன்பு அது. எல்லோரும் அவகாடோ ஒப்பீட்டைக் காட்டுவார்கள்: ஹாரியின் அண்ணன் மனைவி கேத்தரின் சாப்பிட்டால் மசக்கைக்கு மருந்து, மேகன் சாப்பிட்டால் வறட்சிக்கும் கொலைக்கும் காரணம். அது நல்ல ஆதாரம் இல்லை. முதலாவது எக்ஸ்பிரஸ், இரண்டாவது மெயில். இரண்டு பத்திரிகை, இரண்டு ஆசிரியர். ஒரே குழுமத்துக்குள் ஒப்பிடுங்கள். 2018-ல் கேத்தரின் வயிற்றில் கை வைத்தபோது மெயில் அதைக் கனிவோடு தாங்குகிறார் என்றது. 2019 ஜனவரியில் மேகன் அதே மாதிரி கை வைத்தபோது, ஏன் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்கிறார் என்று கேட்டது. இதற்கு வழக்குப் போட முடியாது. ஆனால் இது நடந்தது.

பொன்னி

வழக்குப் போட முடியாததற்கு, பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் இப்சோ என்ற பிரிட்டிஷ் அமைப்பு இருக்கிறது, 2014 முதல். அங்கே போகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம்: பாகுபாடு பற்றிய 12-ம் விதி ஒரு தனிநபரைப் பற்றி எழுதியதற்கு மட்டும்தான் பொருந்தும், குழுவைப் பற்றிப் பொதுவாக எழுதியதற்குப் பொருந்தாது. கட்டுரை வந்து நாலு மாதத்துக்குள் புகார் போக வேண்டும், இணையத்தில் தொடர்ந்து கிடந்தால் ஒரு வருஷம் வரை.

2022 டிசம்பரில் சன் பத்திரிகையில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் மேகனைப் பற்றி எழுதிய பத்திக்கு 25,000-க்கும் மேல் புகார் குவிந்தது. எண்ணிக்கை எதையும் தீர்மானிக்கவில்லை. பாதிக்கப்பட்ட பிரிவின் சார்பில் பேசும் தகுதியுள்ள இரண்டு அமைப்புகள், ஃபாசெட் சொசைட்டியும் வைல்ட் ஃபவுண்டேஷனும், கொடுத்த புகாரைத்தான் எடுத்தார்கள். 2023 ஜூன் 30-ல் பாலினப் பாகுபாடு என்ற ஒரே தலைப்பில் புகார் நிலைத்தது. இனம், துல்லியம், தொல்லை என்ற மற்ற தலைப்புகள் நிலைக்கவில்லை. அபராதம் இல்லை, தீர்ப்பின் சுருக்கத்தைப் பத்திரிகை வெளியிட வேண்டும், அவ்வளவே.

பிரான்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 2012 செப்டம்பரில் க்ளோசர் இதழ், புரோவான்ஸில் ஒரு மாளிகையில் ஓய்வெடுத்த கேத்தரினின் மேலாடையற்ற படங்களைத் தொலைவிலிருந்து எடுத்துப் போட்டது. நாலே நாளில் நாந்தேர் நீதிமன்றம் தடை போட்டது. மூலக் கோப்புகளை 24 மணி நேரத்தில் ஒப்படைக்கவில்லை என்றால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 யூரோ. அங்கே தனிவாழ்வை மீறிப் படமெடுப்பது குற்றவியல் சங்கதி. 2017-ல் தம்பதிக்கு 1,00,000 யூரோ இழப்பீடு, ஆசிரியருக்கும் நிறுவனத் தலைவருக்கும் ஆளுக்கு 45,000 அபராதம். அவர்கள் கேட்டது 15 லட்சம், அது கிடைக்கவில்லை.

ஒரு பழைய செய்தியையும் வைக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. இந்தச் சட்டக்கிளையின் வேரில் நிற்பவரும் அரச குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர்தான்: விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட். இருவரும் வீட்டுக்குள் பொழுதுபோக்காகச் செதுக்கிய செப்புத்தகட்டுச் சித்திரங்களை வின்ட்சரில் ஒரு அச்சகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த ஒரு வேலையாள் கூடுதல் படிகளை எடுத்துக்கொண்டார். அவை கைமாறி, கண்காட்சி வைத்துப் பட்டியலும் அச்சிட ஒருவர் கிளம்பினார். 1849-ல் நீதிமன்றம் பட்டியலையே தடுத்தது. சித்திரத்தை வைத்திருப்பவர் அதை உலகத்துக்கு விவரிக்கக்கூட முடியாது என்று. கடிதத் தாளும் சொற்களும் வேறு வேறு என்ற எண்ணத்தின் ஆரம்ப வடிவம் அங்கேயே இருக்கிறது.

தென்றல்வீதி

ஆல்பர்ட் வழக்கை இந்தக் கோணத்தில் நினைத்ததில்லை, நன்றி பொன்னி அக்கா. அளவு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். குறுக்கு விசாரணை இல்லாதது பற்றிய என் வருத்தம் அப்படியே இருக்கிறது. பொதுப்பணத்தில் வாழ்ந்தவர்கள் மீது கேள்வி கேட்கும் உரிமையும் வேண்டும். ஹாரியும் மேகனும் இருந்த ஃபிராக்மோர் வீட்டைப் பொதுப்பணத்தில் புதுப்பித்த 24 லட்சம் பவுண்டைப் பத்திரிகைகள் துரத்தின, 2020-ல் அது திருப்பிக் கட்டப்பட்டது.

வழக்கேடு அண்ணா, கடைசியாக ஒன்று. 2019 பிப்ரவரி 9 இரவு அந்த ஆசிரியர் மேசையில் நீங்கள் சட்ட ஆலோசகராக இருந்தால், எதை அச்சிடலாம் என்று சொல்லியிருப்பீர்கள்?

வழக்கேடு

ஃபிராக்மோர் செய்தி சரியான செய்தி. பொதுப்பணம், அரசு மானியக் கணக்கில் அச்சான எண். அதற்கு யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கேள்விக்கு: அப்பாவின் பேட்டியை முழுதாகப் போடுங்கள் என்பேன். தன் வாழ்க்கையைத் தன் சொல்லில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அதன் பதிப்புரிமையும் அவருடையது. பீப்பிள் கட்டுரையில் கடிதத்தைப் பற்றி இருக்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்து, "கடிதத்தில் அப்படி இல்லை, மகள் சமாதானம் பேசவில்லை" என்று அவர் சொல்வதைப் பக்கத்தில் வையுங்கள். அதை நிரூபிக்க மேற்கோள் வேண்டும் என்றால் அந்தக் கூற்றை நேராகத் தொடும் ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. மற்றதைச் சாரமாகச் சொல்லுங்கள், சாரத்திலும் உடல்நலம், குடும்பச் சண்டை விவரங்களுக்குள் போகாதீர்கள். கையெழுத்தின் படம் வேண்டாம், அது முழு ஆவணத்தையும் திறந்து காட்டும் வேலை. கையெழுத்து நிபுணர் வேண்டவே வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் மேகன் தரப்புக்குத் தகவல் சொல்லி பதில் கேளுங்கள். அவர்கள் இரவோடு இரவாகத் தடை கேட்டு நீதிமன்றம் போவார்கள் என்று பயமாக இருந்தால், அந்தப் பயம் எந்தப் பத்தியால் வருகிறது என்று பாருங்கள். எடுக்க வேண்டிய பத்தி அதுதான்.